ஸ்கேன் நார்மல்னா நடிக்கிறான்னு அர்த்தம் இல்ல

தம்பிக்கு முதல் தடவை மூளையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தப்ப அவனுக்கு 22 வயசு. ரிப்போர்ட்டோட கடைசி வரியில மூளையில குறிப்பிடும்படியா எந்த மாற்றமும் இல்லைன்னு போட்டிருந்தாங்க. அன்னைக்கு சாயந்திரம் சித்தப்பா அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒவ்வொரு படமா பாத்துட்டு, "மூளை நல்லாத்தானேடா இருக்கு, அப்புறம் என்ன உனக்கு"ன்னு கேட்டார். அவன் ஒண்ணும் சொல்லல, போர்வையை தலை வரைக்கும் இழுத்துக்கிட்டான். சித்தப்பா கெட்டவர் இல்ல, அவருக்கு நிஜமாவே புரியல, சொல்லப்போனா எனக்கும் அன்னைக்கு புரியல. ஆனா அந்த ஒரு வரியை வச்சு அடுத்த ரெண்டு வருஷம் வீட்ல யார் யார் அவனை என்னென்ன பேசினாங்கன்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது. சோம்பேறி, வேலைக்கு போக பயந்து நடிக்கிறான், ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையே.

போன வாரம் ஒரு அக்கா இன்பாக்ஸ்ல வந்து, பையனுக்கு மனச்சிதைவுன்னு டாக்டர் சொல்றார், மூளை ஸ்கேன் எடுத்தா கன்ஃபார்ம் ஆயிடுமான்னு கேட்டாங்க. என் தம்பிக்கும் இதே நோய்தான், அதனால அவங்களுக்கு எழுத ஆரம்பிச்சது இவ்ளோ நீளமா போயிடுச்சு.

கன்ஃபார்ம் ஆகாது அக்கா. மனச்சிதைவுங்கிற ஸ்கிசோஃப்ரீனியாவை (மத்தவங்களுக்கு கேக்காத குரல் கேக்கிறது மாதிரி வர்ற நோய்) ஒரு ஆளோட ஸ்கேனை பாத்து கண்டுபிடிக்க இன்னைக்கு வரைக்கும் வழி இல்ல. டாக்டர் நோயாளிகிட்ட பேசி, கூட இருக்கிறவங்ககிட்ட கேட்டு, எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. அப்ப எதுக்கு ஸ்கேன் எழுதுறாங்கன்னா, கட்டி, வலிப்பு, மூளைக் காய்ச்சல் மாதிரி வேற ஏதாவது இதே மாதிரி காட்டுதான்னு பாத்து ஒதுக்குறதுக்கு. 2007ல தனியா அடையாளம் கண்ட ஒரு மூளை அழற்சி இருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குறது, ஆரம்பத்துல அச்சு அசலா மனநோய் மாதிரியே இருக்கும், அதுக்கு மருந்தே வேற, ஆனா அது ஸ்கேன்ல எப்பவும் தெரியாது, வேற டெஸ்டும் வேணும். அதனால டாக்டர் எந்த டெஸ்ட் எடுக்க சொன்னாலும் கண்டிப்பா எடுங்க. ஸ்கேன் நார்மல்னு வந்தா அந்த மாதிரி வேற எதுவும் அதுல தெரியலைங்கிறது மட்டும்தான் அதோட அர்த்தம்.

அப்ப மூளையில வித்தியாசமே இல்லையான்னு கேட்டா, இருக்கு, நல்லாவே இருக்கு. 1927லயே ஜெர்மனியில யாக்கோபி, விங்க்லர்னு ரெண்டு பேர், மூளைக்குள்ள இருக்கிற திரவத்தை எடுத்துட்டு காத்தை ஏத்தி எக்ஸ்ரே எடுக்கிற பழைய முறையில (கேக்கவே நடுங்குது, நோயாளிக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்) வென்ட்ரிக்கிள்ங்கிற திரவ அறைகள் இந்த நோயாளிகளுக்கு பெருசா இருக்கிறதை பாத்தாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அதை யாரும் பெருசா எடுத்துக்கல. 1976ல லண்டன்ல ஈவ் ஜான்ஸ்டன், டிமோதி குரோ குழு புதுசா வந்த சிடி ஸ்கேன்ல 17 நோயாளிகளை பாத்து அதையே திரும்ப காட்டினாங்க.

அந்த இடைப்பட்ட காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா, பழி முழுக்க அம்மாக்கள் தலையில விழுந்துச்சு. 1948ல ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன்னு ஒரு மனநல மருத்துவர், பிள்ளைக்கு இந்த நோயை உண்டாக்குற தாய்ங்கிற அர்த்தத்துல ஒரு சொல்லையே எழுதி வச்சாங்க, அது வருஷக்கணக்கா ஓடுச்சு. எங்க அம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, ஆனா அந்தப் பழி மட்டும் எப்படியோ வந்து சேந்துடுச்சு. நீ வளத்த லட்சணம்னு எங்க அம்மாவை கேட்டவங்க எத்தனை பேர். மூளை ஆராய்ச்சி எனக்கு முக்கியமா படுறதுக்கு முதல் காரணமே இதுதான், எங்க அம்மா மேல இருந்து அந்தப் பாரத்தை இறக்கி வச்சது இந்த ஸ்கேன் படங்களும் மரபணு ஆய்வுகளும்தான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு 1990ல வந்தது. ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச இரட்டையர் 15 ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலயும் ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரீனியா, இன்னொருத்தருக்கு இல்ல. ரெண்டு பேர் ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, 12 ஜோடியில நோய் யாருக்குன்னு வெறும் கண்ணால பாத்தே சொல்ல முடிஞ்சது. அளந்து பாத்தப்ப 14 ஜோடியில, நோய் இருக்கிறவரோட இடது பக்க ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவுக்கு முக்கியமான பகுதி, கூடப் பொறந்தவரோடதை விட சின்னதா இருந்துச்சு. இதை படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. ஏன்னா பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொரு மூளை இருந்ததாலதான் அந்த வித்தியாசம் பிடிபட்டுச்சு. தம்பிக்கு இரட்டை கிடையாது. நோய் வராம இருந்திருந்தா அவன் மூளை எப்படி இருந்திருக்கும்னு காட்ட எந்த ஃபிலிமும் இல்ல. சித்தப்பா ஜன்னல்ல பிடிச்சுப் பாத்தது அவன் ஒருத்தனோட மூளையைத்தான், அதுல எதை எதோட ஒப்பிடுறது?

2016ல எனிக்மாங்கிற கூட்டு முயற்சியில பல மையங்கள்ல இருந்து 2028 நோயாளிகளோட ஸ்கேனையும் நோய் இல்லாத 2540 பேரோட ஸ்கேனையும் சேத்து அளந்தாங்க. ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, தாலமஸ்னு மூளைக்குள்ள இருக்கிற பகுதிகள் எல்லாம் சராசரியா கொஞ்சம் சின்னது, வென்ட்ரிக்கிள் கொஞ்சம் பெருசு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே குழு மூளையோட மேல் அடுக்கான கார்டெக்ஸ் சராசரியா மெலிஞ்சிருக்குன்னும் காட்டினாங்க. அந்த அடுக்கே மொத்தம் 2, 3 மில்லிமீட்டர்தான், அதுல ஒரு துளி மெலிவு. ஆஸ்பத்திரியில சாதாரணமா எடுக்கிற ஸ்கேன்ல ஒவ்வொரு துண்டும் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும், அதுல கண்ணால இதை எங்க பிடிக்கிறது. இன்னொண்ணு, ரெண்டு கூட்டத்தோட அளவுகளும் பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. ஒரு நோயும் இல்லாம சின்ன ஹிப்போகேம்பஸோட நல்லா வாழ்றவங்களும் உண்டு, நோய் இருந்தும் பெருசா இருக்கிறவங்களும் உண்டு.

மாத்திரைதான் மூளையை சுருக்குதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜ் பத்தியும் சொல்லணும். அது முழுப் பொய் இல்ல. 2011ல நான்சி ஆண்ட்ரியாசென் குழு 211 நோயாளிகளை சராசரியா 7 வருஷம் பின்தொடர்ந்து, மருந்தோட அளவு கூடக் கூட மூளையோட கன அளவுல சிறு குறைவும் சேந்து வருதுன்னு எழுதினாங்க. அதனால தேவைக்கு மேல டோஸ் வேண்டாம்னு டாக்டர்கிட்ட கேக்க நமக்கு உரிமை இருக்கு, நானே கேட்டிருக்கேன், குறைச்சும் குடுத்தாங்க. ஆனா முதல் மருந்தான குளோர்ப்ரோமசைன் மனநோய்க்கு வந்ததே 1952ல, வென்ட்ரிக்கிள் பெருசா இருக்கிறதை பாத்தது 1927ல, அப்ப எந்த மாத்திரையை குறை சொல்றது? அந்த மாதிரி மெசேஜை நம்பி தம்பி ஒரு தடவை தானா நிறுத்தினான். மூணு வாரத்துல தூக்கம் போச்சு, சுவத்துல காதை வச்சு நிக்க ஆரம்பிச்சான். உள்ள பேசுறாங்கடா, உனக்கு கேக்கலையான்னு என்கிட்ட கேட்டான்.

அந்தக் குரல் கூட கற்பனைன்னு தள்ளிட முடியாது. 1999ல ஒரு ஆய்வுல குரல் கேக்கிறப்ப பட்டனை அழுத்த சொல்லி ஸ்கேன் பண்ணாங்க, அந்த நேரத்துல வெளிச் சத்தத்தை முதல்ல வாங்குற செவிப் பகுதியே மூளையில வேலை செஞ்சுது. மூணே மூணு நோயாளிதான், சின்ன ஆய்வு. ஆனா அதை படிச்சதுக்கப்புறம் நான் தம்பிகிட்ட "அப்படி ஒண்ணும் கேக்கல, சும்மா இரு"ன்னு சொல்றதை விட்டுட்டேன். "உனக்கு கேக்குது, எனக்கு கேக்கல, பயமா இருக்காடா"ன்னு கேக்கிறேன், அப்ப அவன் பேசுறான்.

ஏன் சரியா 18, 20, 25 வயசுல வருதுங்கிறதுக்கும் ஒரு திசை கிடைச்சிருக்கு. வளர் பருவத்துல மூளை தேவையில்லாத இணைப்புகளை தானே வெட்டி ஒழுங்கு பண்ணும். 2016ல சி4ங்கிற மரபணுவோட சில வகைகள் நோய் வர்ற வாய்ப்பை கூட்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க, எலியில அந்த மரபணு இந்த வெட்டுற வேலையில பங்கெடுக்குது. வேண்டியதும் சேந்து வெட்டுப்படுதோங்கிறது இப்ப பலமா பேசப்படுற கருத்து. அதுக்காக மூளை அழிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்காதீங்க. மனச்சிதைவுங்கிற வார்த்தையே அப்படி நினைக்க வைக்குது, எனக்கு அந்த வார்த்தை சுத்தமா பிடிக்கல. ஜப்பான்ல இந்த நோயோட பேரையே 2002ல மாத்திட்டாங்க, நம்மளும் யோசிக்கணும்.

அக்கா, ஸ்கேனுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க. பையனுக்கு எப்ப இருந்து தூக்கம் குறைஞ்சது, எப்ப இருந்து ஃப்ரெண்ட்ஸை ஒதுக்கினான், தனியா பேசுறது எந்த மாசம் ஆரம்பிச்சது, வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா, எல்லாத்தையும் தேதியோட எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. நோயை முடிவு பண்ண ஃபிலிமை விட அந்த நோட்டுதான் அவருக்கு அதிகமா உதவும். ரிப்போர்ட் நார்மல்னு வந்தா அதை சொந்தக்காரங்க யார் கையிலயும் குடுக்காதீங்க, முதல்ல பையன்கிட்ட போய் "உனக்கு கஷ்டமா இருக்குன்னு எனக்கு தெரியும்"னு சொல்லுங்க. எங்க வீட்ல அதை யாரும் சொல்லல, நானும் சொல்லல.