தோடியை நிப்பாட்டி மோட்டச்சைக்கிளை எடுக்கச் சொன்னவை

வயிறு எரியுது. எழுதாமல் நித்திரை வராது.

நேற்றிரவு திருவிழாவில மேளச்சமா. ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில். வன்னியில மாங்குளத்திலயிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனனான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடின சனம் நாங்கள். இப்பிடி ஒரு சமாவைப் பக்கத்தில குந்தியிருந்து கேக்க எத்தனை வருசம் காத்துக்கிடந்தனாங்கள்!

மூத்த நாதஸ்வரக்காரர் வந்து இருந்ததும் சீவாளியை, குழலில ஊதுற அந்த நாணல் துண்டை, வாயில வைச்சு நனைச்சார். எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். குழலோட நூலில தொங்கின ஊசியால மெல்ல விரிச்சார். திரும்பவும் நனைச்சார். பிறகுதான் தோடி ராகம். இருக்கிறதே ஏழு விரல் துளை. காந்தார சுரத்தின்ர அந்த அசைவு விரலில மட்டும் வாறதில்லை, உதடும் மூச்சும் சேர்ந்தாத்தான் வரும். அவர் மேல் சட்சத்துக்கு ஏறி, மூச்சை அடக்கி அதில நிக்கிறார். எனக்குப் பக்கத்தில இருந்த ஆச்சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறா.

அப்ப ஒலிபெருக்கி: "கறுப்பு நிற மோட்டச்சைக்கிளின் உரிமையாளர் உடனடியாக வந்து..."

ஒருக்கால் சொன்னால் போதாதோ? மூண்டுதரம்! பிறகு "மன்னிக்கவும், இலக்கம் பிழை" எண்டு நாலாந்தரம். பிறகு அன்னதானத்துக்கு அரிசி தந்தவையின்ர பேர். கிலோக் கணக்கோட. மனுசன் அந்தச் சட்சத்தை விடாமப் பிடிச்சுக்கொண்டே நிண்டார். கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. ஆறாவது பேர் வாசிக்கேக்கை குழலை இறக்கி மடியில வைச்சார். தவில்காரர் கூடு போட்ட விரலைப் பாத்தபடி இருக்கிறார். வெளியில ஐஸ்கிரீம் வான் தன்ர பாட்டைப் போடுது. சபையில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும்தான் திறக்கேல்லை, அதுதான் இன்னும் சுடுது.

யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தியின்ர தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்மார் தேடிக் கூப்பிட்டவை. அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரம் வாசிச்ச மண் இது. அந்த வழியில வந்த கலைஞரிட்ட, ராகம் முடியமுன்னம், நிர்வாகத்தில ஒருத்தர் குனிஞ்சு சொல்லுறார்: "ஐயா, பத்து நிமிசத்தில முடிச்சிடுங்கோ, இசைக்குழு வந்திட்டுது." மேடையில ஏற்கெனவே பெட்டி பெட்டியா சவுண்ட் சேர்விஸ் அடுக்குறாங்கள். பிறகு "செக், செக்" எண்டு மைக்கைத் தட்டுறாங்கள், தவில்காரர் தனிய வாசிக்கிற தனியாவர்த்தனத்துக்கு மேல!

சாமி எழும்பவும் மேளம் வேணும், தாலி கட்டவும் மேளம் வேணும். அரை மணித்தியாலம் குந்தியிருந்து கேக்க மட்டும் மேளம் வேண்டாமோ? அறிவிப்பைக் கீர்த்தனை முடிஞ்சாப்பிறகு சொன்னால் அந்த மோட்டச்சைக்கிள் என்ன பறந்தே போயிடும்?

மூத்தவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சீவாளியைக் கழட்டி, துடைச்சு, உறைக்குள்ள வைச்சார். ஆச்சி எழும்பிப் போய் அவற்ற கையைப் பிடிச்சா.

விடிய முதல் பஸ்ஸும் வரேல்லை. ரெண்டாவதில ஏறினால், கொண்டக்டர் மிச்சக் காசு நாப்பது ரூபா பிறகு தாறன் எண்டான். மாங்குளத்தில இறங்கி நிண்டு கேட்டன். மணியை அடிச்சுக்கொண்டு போயிட்டான்.