இடிக்கு முன் எண்ணிய தாத்தா

ராணுவத்தில் இருந்த தன் தாத்தா, பேரப்பிள்ளைகளை மலையேறவும் மீன் பிடிக்கவும் கூட்டிப்போனதை ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் படித்ததும் என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் தீயணைப்பு வீரர். பார்த்த வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். காடு, மழை, மீன் என்றால் பேச்சு நிற்காது. பாட்டிதான் பாவம், தலையாட்டியே களைத்துப்போவார்.

ஏரிக்கரையில் மின்னல் வெட்டினால் உடனே, இடி கேட்கும்வரை எங்களை எண்ணச் சொல்வார். மின்னல் எவ்வளவு தூரத்தில் என்பதற்கு, 3 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. அப்புறம், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை கரைப்பக்கம் போக விட மாட்டார். அந்த அரை மணி நேரத்தில்தான் எங்களுக்குக் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார்.

போன வாரம் மின்னல் வெட்டியபோது என் மகள் விரல்விட்டு எண்ணினாள். தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை.