ஆரஞ்சு அரச குடும்பத்தின் பெயர் பழத்திலிருந்து வந்ததல்ல

நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரில் உள்ள ‘ஆரஞ்சு’ அப்பழத்திலிருந்தோ அதன் நிறத்திலிருந்தோ வந்தது என்று பகிரப்படும் செய்தி தவறானது. அது தெற்கு பிரான்சில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரின் பெயர். ரோமானியர் காலத்தில் அவ்வூர் ‘அரௌசியோ’ என்று வழங்கியது. அவ்வூரைத் தலைநகராகக் கொண்ட சிற்றரசு 1544இல், வாரிசின்றி இறந்த உறவினரிடமிருந்து நெதர்லாந்து அரச குடும்பத்தின் முன்னோரான, நாசாவ் என்ற பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியமுக்கு வந்து சேர்ந்ததால்தான் அப்பட்டப்பெயரும் அவர் வழியினருக்கு உரியதாயிற்று.

பழப்பெயரின் வழி முற்றிலும் வேறு. நம் ‘நாரத்தை’யோடு உறவுடையதாகக் கருதப்படும் திராவிட மூலத்திலிருந்து சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’ என்றும், பாரசீகத்தில் ‘நாரங்’ என்றும், அரபியில் ‘நாரஞ்ச்’ என்றும் பயணித்த அச்சொல், ஸ்பானிய மொழியில் ‘நரன்ஹா’ என முதலிலுள்ள ‘ந’ ஒலியைக் காத்துக்கொண்டது. பிரெஞ்சிலோ அதை இழந்து ‘ஒராஞ்ச்’ ஆனது. ஊர்ப்பெயரும் காலப்போக்கில் அதே ஒலிக்குத் திரிந்தது. ஆங்கிலத்தில் பழப்பெயர் நிறத்துக்கு வழங்கியதும் 16ஆம் நூற்றாண்டில்தான்.

இந்த ஒலி ஒற்றுமையால்தான் அந்நிறம் அக்குடும்பத்தின் அடையாளமானது. வட அயர்லாந்தின் புராட்டஸ்டண்ட் ‘ஆரஞ்சு’ சங்கத்தினர், அக்குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் வில்லியமின் நினைவாகவே அப்பெயரை ஏற்றனர்.