தவறை அச்சடித்த சர்ஜன்

ரஷ்ய சர்ஜன் நிகோலாய் இவானோவிச் பிரோகோவைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு பட்டியல் வந்து நிற்கும். போர்க்களத்தில் ஈதர் மயக்கம் கொடுத்தவர், மாவுக்கட்டு போட்டவர், உறைந்த பிணத்தை ரம்பத்தால் அறுத்து உடற்கூறு அட்லஸ் (படத்தொகுப்பு) வெளியிட்டவர், காயம்பட்டவர்களைத் தரம்பிரித்துப் பார்த்தவர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'முதன்முதலாக'.

இந்த 'முதன்முதலாக' வியாதி எனக்குப் பிடிப்பதில்லை. மாஸ்கோவில் இனோசெம்ட்சேவ் என்ற சர்ஜன் ஈதர் கொடுத்து அறுவை செய்து ஒரு வாரம் கழித்துத்தான் பீட்டர்ஸ்பர்க்கில் பிரோகோவ் செய்தார். இரண்டுமே 1847 பிப்ரவரி. மாவுக்கட்டை மாதைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் கிட்டத்தட்ட அதே சமயத்தில், சொல்லப்போனால் கொஞ்சம் முன்னாலேயே, போட்டுக்கொண்டிருந்தார். உறைந்த உடலை அறுத்துப் படம் வரையும் வேலையை 1818லேயே ஹாலந்தில் டி ரீமர் செய்திருக்கிறார். தரம்பிரிப்பதில் நெப்போலியனின் சர்ஜன் லாரே மூத்தவர். ஓட்டப்பந்தயம் என்று வைத்தால் நம்ம ஆள் பாதி இடத்தில் இரண்டாவதுதான் வருவார்.

பிறகு ஏன் இவரைப் பற்றி இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்றால், 1837ல் வந்த ஒரு புத்தகத்துக்காக.

அப்போது அவருக்கு 26 வயது. முந்தைய வருடம்தான் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் சர்ஜரி பேராசிரியர் ஆகியிருந்தார் (இன்றைக்கு அந்த ஊர் எஸ்டோனியாவில் டார்ட்டு). தன் கிளினிக்கில் நடந்ததையெல்லாம் தொகுத்து ஜெர்மன் மொழியில் 'ஆண்டேடு' என்று அச்சிட்டார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் இப்படி ஒரு புத்தகம் போட்டால் அதில் என்ன இருக்கும்? பிழைத்த கேஸ்கள் இருக்கும். இவர் தன் கையில் செத்தவர்களையும், ஏன் செத்தார்கள், அதில் தன் பிசகு எது என்பதையும் எழுதினார். வாத்தியார் என்று உட்கார்ந்தவன் தன் தவறையும் அதன் விளைவையும் உடனே வெளியே சொல்லிவிடவேண்டும், அனுபவம் குறைந்தவர்கள் அதே குழியில் விழாமல் இருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

இதைப் பற்றி அவர் வயதான பிறகு எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு காட்சி வருகிறது. எங்கெல்ஹார்ட் என்ற கனிமவியல் பேராசிரியர், அவர்தான் தணிக்கையாளரும். ஒருநாள் வீட்டுக்கு வருகிறார். சட்டைப் பையிலிருந்து அந்த ஆண்டேட்டின் ஒரு தாளை எடுக்கிறார். சத்தமாக வாசிக்கிறார். நோயைத் தவறாகக் கணித்ததால் ஒரு நோயாளியின் உயிர் போனதை பிரோகோவ் ஒப்புக்கொண்ட பக்கம் அது. அடுத்தே தன்னுடைய தலைக்கனத்தைத் தானே திட்டியிருப்பார். வாசிக்கும்போது எங்கெல்ஹார்டின் கண்ணில் தண்ணீர். முடித்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டியணைத்துவிட்டுப் போய்விடுகிறார். கல்லையும் தாதுவையும் பார்க்கிற மனிதர், அறுவை அறிக்கையைப் படித்துவிட்டு அழுகிறார்!

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவர் படித்த படிப்புதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பிறந்தது 1810, மாஸ்கோ. அப்பாவுக்கு ராணுவ உணவுக் கிடங்கில் கஜானா உத்தியோகம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் 30,000 ரூபிளோடு ஓடிப்போக, பொறுப்பு அப்பா தலையில் விழுந்து குடும்பம் நொடித்துப்போனது. குடும்பத்துக்குத் தெரிந்த பேராசிரியர் முகின் முயற்சியில் பையனை 14 வயதிலேயே, 16 என்று எழுதி, பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். 17 வயதில் டாக்டர். அந்த நாலு வருடத்தில் அவர் கையால் ஒரு பிணத்தைக்கூட அறுத்ததில்லை. உயிருள்ள மனிதன் மேல் எதுவும் செய்ததில்லை. நரம்பில் ரத்தம் எடுப்பது, பல் பிடுங்குவதுகூட இல்லை. ஏட்டுச்சுரைக்காய் என்பது இதுதான். பட்டம் மட்டும் ஒரிஜினல்.

டோர்பாட்டில் மோயர் என்ற நல்ல வாத்தியார் கிடைத்தார். அங்கே பூனை, நாய், ஆடு, கன்று என்று அறுத்துப் பார்த்து, வயிற்றுப் பெருந்தமனியைச் சட்டென்று கட்டினால் என்ன ஆகிறது, மெதுவாக இறுக்கினால் என்ன ஆகிறது என்று 1832ல் ஆய்வேடு எழுதினார். சட்டென்று கட்டினால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். மெதுவாக இறுக்கினால் பக்கத்து ரத்தக்குழாய்களுக்கு வேலையைப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அடுத்து பெர்லின். உலகத்துக்கே சர்ஜரி சொல்லிக்கொடுக்கும் ஊர் என்று போனவருக்கு அங்கே கண்ட காட்சி அதிர்ச்சி. கிரேஃபே என்ற சர்ஜன் பெரிய கை. கஷ்டமான அறுவை என்றால் பக்கத்தில் ஷ்லெம் என்ற அனாட்டமி (உடற்கூறு) பேராசிரியரை நிறுத்திவைத்துக்கொள்வார். கத்தி உள்ளே இருக்கும்போதே, "இங்கே தமனியின் தண்டு ஏதும் போகிறதா, கிளையா?" என்று கேட்பார். எனக்கு இதைப் படித்தபோது, வண்டியை ஓட்டிக்கொண்டே பிரேக் எந்தப் பக்கம் என்று கேட்கும் டிரைவர்தான் ஞாபகம் வந்தார்.

ஊர் திரும்பும் வழியில் ரீகாவில் நோய்வாய்ப்பட்டுப் படுத்துவிட்டார். (தேறி எழுந்ததும் மூக்கில்லாத ஒரு நாவிதருக்கு மூக்கு வைத்துக்கொடுத்தார், அது தனிக்கதை.) அதற்குள் அவர் எதிர்பார்த்திருந்த மாஸ்கோ பேராசிரியர் வேலை இனோசெம்ட்சேவுக்குப் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒபுகோவ் ஆஸ்பத்திரியின் பிணவறையில் சாயங்காலங்களில் மருத்துவர்களுக்கே வகுப்பு எடுத்தார். கொழுப்பு மெழுகுவத்தி வெளிச்சம், சின்ன அறை, இருபது பேர் சொச்சம். ஒரு பிணத்தில் தமனி இருக்கும் இடத்தைத் திறந்து காட்டுவார், அடுத்ததில் அதே தமனிக்கான அறுவையைச் செய்து காட்டுவார். அனாட்டமியும் சர்ஜரியும் ஒரே மேஜைக்கு வந்தன.

சரி, ஐஸ் அட்லஸ். அதைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் அடிப்பீர்கள்.

1841ல் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ-அறுவை அகாடமிக்கு வந்தார். பிணத்தைச் சாதாரணமாகத் திறந்தால் ஒரு சிக்கல்: காற்று உள்ளே போனதும் நுரையீரல் சுருங்கிவிடும், குடல் சரியும், எல்லாம் இடம் மாறும். மாறிய இடத்தைத்தான் மாணவன் மனப்பாடம் செய்கிறான். பிரோகோவ் ரஷ்யக் குளிரைப் பயன்படுத்தி உடலைக் கல் மாதிரி உறையவைத்தார். ரம்பத்தால் மெல்லிய வில்லைகளாக அறுத்தார். வில்லைமேல் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் தாளில் நகல் எடுக்கவேண்டும். பனி இளகுவதற்குள் முடித்தாக வேண்டும். மூன்று திசைகளில் இதே வேலை. 1850களில் லத்தீன் விளக்கத்தோடு வந்த அந்த அட்லஸில் 224 படத்தாள்கள். இன்றைக்கு ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் பிலிமில் உடம்பைக் குறுக்கே, நெடுக்கே, முன்பின்னாக வெட்டிக் காட்டுகிறார்களே, அதே மூன்று திசை.

படங்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியம் அவர் அங்கே கண்டது. தொண்டை, மூக்கு, காதின் உள்ளறை, மூச்சுக்கும் சாப்பாட்டுக்குமான இரண்டு பாதைகள் தவிர, ஆரோக்கியமான உடம்பில் எங்குமே காலி இடம் கிடையாது என்று எழுதினார். பிணத்தைத் திறந்ததும் நாம் பார்த்த 'குழிகள்' எல்லாம் நாமே உண்டாக்கியவை. இருபது வருடம் அனாட்டமி சொல்லிக்கொடுத்துவிட்டு, மேஜைமேல் காட்டியது அசல் இல்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

1847 கோடையில் காக்கசஸ் மலைப்பக்கம் தாகிஸ்தானில், சால்ட்டி என்ற கிராமத்தை ரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்தது. கல்லை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டால் அதுதான் ஆபரேஷன் மேஜை. சர்ஜன் மண்டியிட்டு அறுக்கவேண்டும். அங்கே ஏறக்குறைய நூறு அறுவைகளை ஈதரில் செய்தார். காத்திருக்கும் சிப்பாய்களைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்தவன் கத்தாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்கு யாரும் தைரியம் சொல்லத் தேவையில்லை.

1854 நவம்பரில், கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த செவஸ்தோபோல். பிரபுக்கள் மன்றத்தின் நடன மண்டபம் ஆஸ்பத்திரி ஆகியிருந்தது. யார் முன்னால் கிடக்கிறானோ, யார் அதிகம் கத்துகிறானோ அவனுக்குக் கத்தி என்ற நிலையில் மருத்துவர்கள் ஓய்ந்துபோவார்கள், பிழைக்கக்கூடியவன் மூலையில் செத்துக்கிடப்பான். வந்தவர்களைப் பிரிக்காமல் அறுவையில் இறங்கக்கூடாது என்று பிரோகோவ் கட்டளை போட்டார். பிழைக்க வழியில்லாதவர்கள் ஒரு பக்கம், பாதிரியாரும் செவிலியரும் கூட இருக்க; உடனே அறுக்கவேண்டியவர்கள் ஒரு பக்கம்; நாளைக்குப் பொறுக்கக்கூடியவர்கள் ஒரு பக்கம்; கட்டுப்போட்டு அனுப்பக்கூடியவர்கள் இன்னொரு பக்கம். எலும்பு நொறுங்கிய கை கால் என்றாலே வெட்டு என்ற வழக்கத்தில் அவரும் வந்தவர்தான். மாவுக்கட்டு கைக்கு வந்தபின் அந்தக் கருத்தையும் மாற்றிக்கொண்டார். காயம்பட்டவனைக் காப்பாற்றுவதில் மருத்துவத்தைவிட நிர்வாகத்துக்குத்தான் பெரிய பங்கு என்று கத்தி பிடித்த கையாலேயே எழுதினார். செவிலியரில் சிலரைச் சரக்குக் கணக்குப் பார்க்கவே வைத்தார். மருந்தும் போர்வையும் திருடுபோவது குண்டைவிட ஆளைக் கொல்லும் என்று தெரிந்திருந்தது.

பத்து வருடம் கழித்து, போர் சர்ஜரி பற்றிய புத்தகத்தில், ஆஸ்பத்திரியிலேயே நோய் தொற்றி இறந்தவர்களின் கல்லறைகளைத் திரும்பிப் பார்க்கிறார். புதுப்புது அறுவைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் சர்ஜன்களின் கல்நெஞ்சை நினைத்து ஆச்சரியப்படுவதா, இன்னமும் ஆஸ்பத்திரியை நம்பும் அரசாங்கத்தையும் ஜனங்களையும் நினைத்தா என்று கேட்கிறார். அவரும் அந்த சர்ஜன்களில் ஒருவர்தானே.

ஆனால் ஒரு இடத்தில் இந்த மனுஷன் சறுக்கினார், அதையும் சொல்லவேண்டும். அகாடமியை விட்டபின் ஒதேசாவிலும் கீவிலும் கல்வி வட்டாரத்தின் மேலதிகாரி. 1858ல் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக்கூடாது என்று கட்டுரை எழுதினார். ஷிதோமிர் பள்ளியில் ஒரே வருடத்தில் 600 பேரில் 290 பேர் அடி வாங்கியிருந்த காலம். அடுத்த வருடம் கீவில் ஒரு குழு கூடி விதிகள் போட்டது. பெரும்பான்மை சொன்னது என்று, வரம்போடு என்றாலும், பிரம்படியை விட்டுவைத்த அந்த விதிகளில் இவர் கையெழுத்தும் இருந்தது. டோப்ரொல்யூபோவ் என்ற விமர்சகர் பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்தார். பிரோகோவ் பதில் எழுதினார், நியாயம் சொன்னார். 26 வயதில் 'என் தப்பு' என்று எழுதிய பேனா அங்கே அந்த வேகத்தில் ஓடவில்லை. பிணமேஜையில் இருந்த நேர்மை கமிட்டி மேஜையில் யாருக்கும் வருவதில்லையோ என்னவோ.

கடைசிக் கதை. 1881 மே மாதம் மாஸ்கோவில் அவருடைய ஐம்பது வருடப் பணிக்குப் பொன்விழா. அப்போதே வாயில், மேல் தாடைப் பக்கம், ஆறாத புண். ஸ்க்லிஃபோசோவ்ஸ்கி என்ற மாஸ்கோ சர்ஜன் பார்த்துவிட்டு அறுவை செய்யவேண்டும் என்றார். சந்தேகம் தீர வியன்னாவுக்குப் போனார், பில்ரோத் என்ற பெரிய சர்ஜனிடம். அவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணப் புண், அறுவை வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். கிழவர் சந்தோஷமாக வின்னித்சா பக்கத்தில் இருந்த தன் கிராமத்துக்குத் திரும்பினார். புண் ஆறவில்லை. அக்டோபர் 27, ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி, ஒரு சீட்டில் தன் கேஸைத் தானே எழுதினார். ஸ்க்லிஃபோசோவ்ஸ்கியும் பில்ரோத்தும் என் நோயை அடையாளம் காணவில்லை, இது வாயில் ஊர்ந்து பரவும் புற்றுப்புண். தெரிந்திருந்தால் மாஸ்கோவில் அறுவையைச் சொல்லியிருக்கமாட்டார்கள், பில்ரோத்தும் சாதாரணம் என்று சொல்லியிருக்கமாட்டார். கீழே கையெழுத்து, தேதி. ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்.

அந்தச் சீட்டிலும் ஒரு தவறு இருக்கிறது. பில்ரோத் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். அந்த இடத்துப் புற்றை முழுதாக எடுக்கமுடியாது, கிழவரின் தெம்பைக் குலைக்க மனம் வரவில்லை, அதனால்தான் மறைத்தேன் என்று பிறகு கடிதத்தில் எழுதினார்.