சோதனைக் கருவியின் சுங்கக் குறியீட்டைப் பொறியாளரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்

மின்னணுச் சோதனைக் கருவிகளை இறக்குமதி செய்யும் நிறுவனங்களில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. மின் சிக்னலை அலைவடிவமாகக் காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப்பில் எதை வாங்குவது என்று பொறியாளர்கள் பல வாரங்கள் தரவுத்தாள்களை ஒப்பிட்டு, பேண்ட்வித் போதுமா, சாம்பிளிங் வேகம் போதுமா என்று விவாதித்து, ஆர்டரை அனுப்பிவிடுகிறார்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகுதான் அதன் எச்எஸ் குறியீடு, அதாவது ஹார்மோனைஸ்டு சிஸ்டம் என்ற முறைப்படி சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண், என்ன என்ற கேள்வி எழுகிறது. அது சுங்க முகவரின் மேசைக்குப் போகிறது. அவர் கையில் இருப்பதோ மாடல் எண்ணும் இரண்டு சொற்களும் கொண்ட ஓர் இன்வாய்ஸ். கருவியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒதுங்கியிருக்க, எதுவுமே சொல்லப்படாத ஒருவர் அதன் வகைப்பாட்டை முடிவு செய்யும் இந்த முறை மாறியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலகச் சுங்க அமைப்பு நடத்திவரும் ஹார்மோனைஸ்டு சிஸ்டம் 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதன் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. அதன் முதல் விளக்க விதி, வகைப்பாட்டைத் தீர்மானிப்பவை தலைப்புகளின் (நான்கு இலக்க எண் பெற்ற பொருள் வகைகளின்) வாசகமும், பிரிவு மற்றும் அத்தியாயக் குறிப்புகளுமே என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தயாரிப்பாளர் தன் கருவிக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார் என்பதற்கு அங்கே பெரிய மதிப்பில்லை. அது என்ன செய்கிறது, எந்த அளவை அளக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குச் சரியான விடை தருபவர் பொறியாளர்.

சாதாரண சோதனை மேசையையே எடுத்துக்கொள்வோம். ஆசிலோஸ்கோப், ஸ்பெக்ட்ரம் அனலைசர், மல்டிமீட்டர் ஆகியவை மின் அளவுகளை அளப்பவை என்பதால் 9030 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பக்கத்திலேயே இருக்கும் சிக்னல் ஜெனரேட்டர் எதையும் அளப்பதில்லை, சிக்னலை உண்டாக்குகிறது. அதன் இடம் 8543.20. அதற்கு அடுத்திருக்கும் பவர் சப்ளை மின்சாரத்தை மாற்றித் தருவது மட்டுமே என்றால் 8504.40க்குப் போகிறது. அளக்கும் கருவி, சிக்னல் ஜெனரேட்டர், பவர் சப்ளை மூன்றும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஒரே பெட்டியில் வந்திருக்கலாம். இன்வாய்ஸில் மூன்றுக்கும் "சோதனைக் கருவி" என்று எழுதினால் மூன்றும் 9030க்குள் போய்விடும். அவற்றில் இரண்டு தவறாக இருக்கும்.

சர்க்யூட் போர்டு தயாரிப்பு வரிசையில் இந்த வேறுபாடு இன்னும் நுட்பமானது. முனைகளைத் தொட்டு மின்தடையையும் மின்னழுத்தத்தையும் சரிபார்க்கும் இன்-சர்க்யூட் டெஸ்டர் 9030ஐச் சேர்ந்தது. அதே போர்டை கேமராவால் படமெடுத்து, சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒளியியல் ஆய்வு இயந்திரம் 9031ஐச் சேர்ந்தது. இரண்டும் செய்வது போர்டு சோதனைதான் என்றாலும், ஒன்று மின் அளவை அளக்கிறது, மற்றொன்று உருவத்தைப் பார்க்கிறது.

திரை இல்லாமல் கணினியோடு இணைந்து வேலை செய்யும் யுஎஸ்பி ஆசிலோஸ்கோப்பைப் பலர் கணினியின் துணைக் கருவி என்று நினைத்து, கணினிகளுக்குரிய 8471இல் சேர்க்க முனைகிறார்கள். கணினியோடு சேர்ந்து இயங்கினாலும், தரவைச் செயலாக்குவது தவிர்த்த ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்யும் இயந்திரம் அந்தப் பணிக்குரிய தலைப்பிலேயே வகைப்படும் என்று 84ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. உள்ளேயே சிக்னலை உண்டாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் பொருத்தப்பட்ட ஆசிலோஸ்கோப்புகளுக்கு முதன்மைப் பணி எது என்ற கேள்வி வரும். பல பணிகளைச் செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மைப் பணியைக் கொண்டு வகைப்படுத்தச் சொல்லும் 16ஆம் பிரிவின் மூன்றாம் குறிப்பு, இந்த அளவீட்டுக் கருவிகள் வரும் 90ஆம் அத்தியாயத்துக்கும் பொருந்துவதால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் எது முதன்மைப் பணி என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டியவர் யார்? உதிரிகளின் கதையும் இதுவே. ஆசிலோஸ்கோப்புக்கென்றே செய்யப்பட்ட, சர்க்யூட்டைத் தொட்டு சிக்னலை எடுத்துவரும் புரோப், உதிரிகளுக்கான 9030.90இல் சேரலாம், கூடவே வரும் சாதாரண பவர் அடாப்டரைத் தனியாக இறக்குமதி செய்தால், அதற்கென்று வேறு தலைப்பு இருப்பதால், அது அங்கேதான் போக வேண்டும்.

"இந்தக் கருவிகளில் பலவற்றுக்குத் தீர்வையே இல்லையே, இவ்வளவு கவலை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1996இல் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையும், 201 பொருள்களைச் சேர்த்த அதன் 2015 விரிவாக்கமும் பல மின்னணுப் பொருள்களின் தீர்வையை நீக்கின என்பது உண்மைதான். ஆயினும் எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை. ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும், வர்த்தக ஒப்பந்தங்களின் தோற்ற விதிகளும் இதே குறியீடுகளைக் கொண்டே எழுதப்படுகின்றன. தவறான குறியீடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் பழைய சரக்குகளின் கோப்புகளும் திறக்கப்படலாம்.

ஐயம் இருந்தால் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கும் வழியும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க உடன்படிக்கை, வகைப்பாடு குறித்த முன்தீர்ப்பை வழங்கும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதித்திருக்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதற்கான விண்ணப்பத்தின் பலம் அதனுடன் இணைக்கப்படும் தொழில்நுட்ப விவரத்தில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, விதியின் வாசகத்திலேயே இருக்கும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பதிவு சாதனம் இல்லாத மல்டிமீட்டர் 9030.31, பதிவு சாதனம் உள்ளது 9030.32. தாள் சுருளில் பேனா கோடு வரைந்த காலத்தில், பதிவு செய்யும் கருவி தோற்றத்திலும் விலையிலும் வேறாகவே இருந்தது. பிரிப்பதில் பொருள் இருந்தது. இன்று கையடக்க மல்டிமீட்டர்கள் பலவற்றிலும் நினைவகம் இருக்கிறது. கடைசி அளவீட்டைத் திரையில் நிறுத்தி வைப்பது பதிவா? ஆயிரக்கணக்கான அளவீடுகளை உள்ளே சேமிப்பது பதிவா? அளவீட்டை உடனுக்குடன் கைபேசிக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாத கருவியை எதில் சேர்ப்பது? அளக்கும் பணியில் வேறுபாடே இல்லாத இரண்டு கருவிகளை நினைவகத்தை வைத்துப் பிரிக்கும் இந்தக் கோட்டை அடுத்து வரும் திருத்தங்களில் நீக்கிவிட வேண்டும் என்றே கருதுகிறேன். அது நீக்கப்படும் வரை, ஆர்டர் அனுப்பும் நாளிலேயே பொறியாளர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி முகவரிடம் கொடுக்கட்டும்: கருவி எந்த அளவை அளக்கிறது, அளவீடுகளைத் தானே சேமிக்கிறதா, மின்சாரம் நின்ற பிறகும் அவை கருவிக்குள் இருக்கின்றனவா, அவற்றைப் பின்னர் எடுத்துப் பார்க்க முடியுமா என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும்.