கூட யாரும் வரவில்லை

நேற்று ராத்திரி எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் ஓடியதை உங்களில் பாதிப் பேர் படித்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையில் எடுத்த படத்தைப் போட்டேன். முதல் கேள்வியே "கூட யாரு?" என்றுதான் வந்தது. யாரும் இல்லை, தனியாகப் போனேன் என்று எழுதினேன். அவ்வளவுதான். வயதில் மூத்த ஒரு அண்ணன் "வீட்டுல என்ன பிரச்சனை?" என்று கேட்டார். இன்னொருவர், "சாவறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம ஊர்ல ஆறு இல்லையா?" என்று எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் தெருவில் ஆற்றோடு போனவர்கள் உண்டு. அது தெரிந்த மனிதர்தான் இதை எழுதினார். தெரிந்தவர்கள்தான் சிரித்தார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தனியாகப் போவது வேறு, பொறுப்பில்லாமல் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

எப்படிப் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பிறந்து, பாறை காயும் அளவுக்கு வெயில் அடித்த பிறகுதான் கிளம்பினேன். மழை நாளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலை சரிந்து 7 பேர் புதைந்து போனார்களே, அதில் 5 பேர் குழந்தைகள், அந்தச் செய்தி வந்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையை விளையாட்டாக நினைக்கிறவள் இல்லை நான். எந்த வழியாக ஏறுகிறேன், எத்தனை மணிக்குள் இறங்குவேன், அதற்குள் கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். அவர் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "டார்ச்சுக்கு வேற பேட்டரி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இருந்த பிரச்சனை அவ்வளவுதான்.

பருவதமலைக்கு எங்கள் ஊரிலிருந்து பௌர்ணமிக்கு வேன் போகிறது. நானும் அந்தக் கூட்டத்தோடு போயிருக்கிறேன். எல்லோரும் ஏறுவது தென்மாதிமங்கலம் வழி. முதல் பாதிக்குப் படி இருக்கிறது, வழியெல்லாம் ஆள் இருக்கிறது. மறுபக்கம் கடலாடி வழி. அதில் நான் கால் வைத்ததே இல்லை. அந்த வழியைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக மனதில் கிடந்தது. இது ஏன் என்று கேட்டால் என்னிடம் பெரிய பதில் கிடையாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடியை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் பக்கம் மேடு என்றால் களத்துமேடும் ஆற்றங்கரையும்தான். எங்கு நின்று பார்த்தாலும் வயலும் வானமும் சேரும் கோடு தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பாதையில் நடக்க ஆசை வந்தது. ஆசைக்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டுமா?

கடலாடி அடிவாரத்தில் விசாரித்துவிட்டுத்தான் ஏறினேன். விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒரு பெரியவர், "ரெண்டாப் பிரியிற எடத்துல ஆட்டுப் புழுக்கை கெடக்குற பக்கம் போகாதம்மா, அது மேய்ச்சல் தடம்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எத்தனை உதவியது என்று நேற்றுச் சிரித்தவர்களுக்குப் புரியாது. கொஞ்ச தூரம் புதர், அப்புறம் உருண்டைப் பாறைகள், அப்புறம் கையை ஊன்றாமல் ஏற முடியாத இடங்கள். நிழல் விழுந்த பக்கமெல்லாம் ஈரம் அப்படியே இருந்தது. பாசி படிந்த படித்துறையில் கால் வைக்கும்போது எப்படி விரல் தானாகச் சுருண்டு பிடிக்குமோ, அப்படித்தான் ஒவ்வொரு அடியும் வைத்தேன். ஒரு கையை எடுப்பதற்கு முன்னால் மற்றக் கையும் இரண்டு காலும் நிற்கிறதா என்று பார்த்தேன். இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்த பிறகு செங்குத்துப் பாறை. கடப்பாரைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று பெயர் சொல்லிச் சொல்லி ஏறுவார்கள். பாறையில் அடித்த இரும்பையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் பள்ளம் தெரிய ஏறுவது. பௌர்ணமிக் கூட்டத்தில் முன்னால் போகிறவரின் காலையும் பின்னால் வருகிறவரின் தள்ளலையும் கவனிப்பதிலேயே என் உயிர் போகும். இந்தத் தடவை எனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கூட்டத்தில் ஏறியதைவிடத் தனியாக ஏறியபோதுதான் நான் பத்திரமாக இருந்தேன். மேலே மல்லிகார்ஜுனர் சன்னதியில் நாமே பூஜை செய்யலாம். கொண்டுபோன பூவை நானே சாத்தினேன். மேகம் வந்து மூடியது, விலகியது. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டேன்.

"நம்ம பண்பாட்டுக்கு இது ஒத்து வருமா" என்று கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நம் சங்க இலக்கியத்தில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு இருக்கிறது, 583 வரி. அதில் பெரும்பகுதி வழி சொல்வதுதான். அதில் வருகிற நவிரமலையைத்தான் இந்தப் பருவதமலை என்று சொல்கிறார்கள். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் பார்த்துப் போங்கள், பாம்பு இருக்கும் குழியைக் கவனியுங்கள், தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள், பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் கொறுக்கை நாணலையும் பிடித்துக்கொண்டு நடங்கள், இருட்டினால் சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி கல் குகைக்குள் தங்கிக்கொள்ளுங்கள். இப்படிப் போகிறது அந்தப் பாட்டு. தெரியாத மலையில் போகாதே என்று ஒரு இடத்திலும் இல்லை. எப்படிப் போவது என்றுதான் இருக்கிறது. அது கூட்டமாகப் போன கூத்தர்களுக்குச் சொன்னது என்பீர்கள். சரி, கூத்தர்களுக்குத்தான். வழி கேட்டுத் தெரிந்துகொண்டு போகிற புத்தி எனக்கும் பொதுதானே?

தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையை ஞாபகப்படுத்தினார்கள். 2018 மார்ச் 11ஐ நான் மறக்கவில்லை. 23 உயிர். அது கோடைக் காட்டுத்தீ, போனவர்கள் கூட்டமாகப் போனவர்கள். இறந்த பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தயவுசெய்து அந்தப் பிள்ளைகளை எடுத்து என் மேல் எறியாதீர்கள். அதற்குப் பிறகு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டியாக வைத்து அழைத்துப் போகிறது. நல்ல காரியம், போகிறவர்கள் அப்படிப் போங்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதை நான் எங்கும் ஆதரிக்கவில்லை. நான் போனது ஊர் அறிந்த கோயில் பாதை.

கால் முறிந்து கிடந்தால் யார் தூக்குவார்கள் என்று ஒரு தோழி கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அது நியாயமான கேள்வி. தனியாகப் போகிறவருக்கு அந்த ஆபத்து கூடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன், அதனால்தான் விசில் கழுத்தில் தொங்கியது.

ஆனால் இதை என் அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்குகிறது என்றால், நடுராத்திரியில் மண்வெட்டியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வரப்பை வெட்டி வடிய விடப் போவார். தனியாக. செருப்பு போட்டால் சேற்றில் மாட்டும் என்று வெறுங்காலோடு. கண்ணாடி விரியன் வரப்பில்தான் கிடக்கும். எங்கள் பங்காளி ஒருவர் மழை ராத்திரியில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து வயலிலேயே போனார். மறுநாள் ராத்திரி அப்பா மறுபடியும் போனார். அம்மா திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் அவள் மடியில் படுத்திருப்பேன். ஊரில் ஒருவரும் அப்பாவைப் பார்த்துச் சாகப் போறியா என்று கேட்கவில்லை. பாடுபடுகிற மனுஷன் என்றுதான் சொன்னார்கள். அது பிழைப்பு, நீ போனது பொழுதுபோக்கு என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். பிழைப்புக்காக மட்டும்தான் ஒரு மனுஷி வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகலாமா? அரிசி மில்லுக்கு, ரேஷன் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, துக்க வீட்டுக்குத் தனியாகப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ராத்திரி பத்து மணிக்கு மாமியாரின் மருந்துப் பையோடு நான் தனியாக நின்றபோது இந்தக் குழுவில் இருந்த ஒருவர்கூட "கூட யாரு?" என்று கேட்கவில்லை. மூன்று பேருக்கு அன்று நான் போன் செய்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை.

வீட்டில் என்ன பிரச்சனை என்று கேட்ட அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. கஜா புயலில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். 2018 நவம்பர் 16, இன்னும் விடியாத நேரம், முறிந்து கிடந்த தென்னைமரங்களைத் தாண்டி வந்தார். அப்போதும் அவர் தனியாகத்தான் வந்தார். அதனால்தான் நேற்று அவர் கேட்டது எனக்கு இவ்வளவு வலிக்கிறது. வேறு யாராவது கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். என்னைத் தெரிந்தவர், என் வீட்டைத் தெரிந்தவர், எனக்கு வாழப் பிடிக்கும் என்று தெரிந்தவர். எனக்கு வாழ்க்கை பிடித்திருப்பதால்தான் அண்ணா நான் மலைக்குப் போனேன்.

பதிவை எடுத்துவிடு, பெண் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று குழுவில் ஒரு பெரியவர் சொன்னார். எடுக்க மாட்டேன், மன்னியுங்கள். பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். கடலாடி வழியாகப் போக நினைக்கிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த வாரம் மட்டும் வேண்டாம். மறுபடி மழை என்கிறார்கள், நிழல் பக்கத்துப் பாறை காயச் சில நாளாவது ஆகும்.