இந்தப் புதுசுப் பைத்தியம் எப்போது தெளியும்?

சேர்வர் விற்க வருகிறவர்கள் வாயைத் திறந்தால் ஒரே பாட்டுத்தான். "சேர், இப்ப எல்லாரும் விண்டோஸ் சேர்வர் 2025தான் போடுறாங்கள்." யார் அந்த எல்லாரும்? ஒரு கொம்பனியின் பெயரைச் சொல்லுங்கள், போன் எடுத்துக் கேட்கிறேன் என்றால் பேச்சு உடனே டிஸ்கவுன்ட் பக்கம் திரும்பிவிடுகிறது.

எங்களுடையது கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கந்தோர். கவுன்டரில் இருக்கிற பிள்ளைகள் ரிமோட் டெஸ்க்டொப்பில், அதாவது இருந்த இடத்திலிருந்தே சேர்வருக்குள் போய்த்தான் பில் போடுகிறார்கள். அது நின்றால் பில் இல்லை, பில் இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை வெளியே போகாது, சுமை தூக்குகிற நாட்டாமைமார் வண்டிலோடு வாசலில் நின்று ஏசுவார்கள், பின்னால் லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்தால் எடுக்கமாட்டான். இந்த இடத்துக்குத்தான் விண்டோஸ் சேர்வர் 2025 வேண்டுமாம்! 2024 நவம்பரில் வந்த சரக்கு. 2025 பெப்ரவரி அப்டேட்டுக்குப் பிறகு அதில் ரிமோட் டெஸ்க்டொப்புக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் மவுசும் கீபோர்டும் செத்துப்போயின, திருத்தம் வர ஏப்ரல் ஆனது. அதை டொமைன் கன்ட்ரோலராக, அதாவது கந்தோரில் எல்லாருடைய லொகினையும் சரிபார்க்கிற சேர்வராகப் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். ரீஸ்டார்ட் ஆனால், நெட்வேர்க்குக்குக் காவல் நிற்கிற ஃபயர்வோல் பிழையான ப்ரொஃபைலில் (செட்டிங்கில்) எழும்பும். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் யாருக்கும் எட்டாமல் போகலாம். அதற்குத் திருத்தம் ஜூனில். நமக்கோ கரண்ட் போய் வருவது புதிதல்ல. அந்த பெப்ரவரி 9ஆம் திகதிதானே நாடே இருண்டது, பாணந்துறை கிரிட்டில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சரே சொன்னார். குரங்கு பாய்கிற ஊரில் ரீஸ்டார்ட்டுக்குப் பயப்படுகிற சேர்வர்!

"அதெல்லாம் திருத்தியாச்சு சேர்." சரி, திருத்தினார்கள். அடுத்த மாத அப்டேட்டில் என்ன உடையும் என்று இவரால் சொல்ல முடியுமா? நான் கேட்கிற பழைய விண்டோஸ் சேர்வர் 2022இல் என்ன பிழை வந்தாலும் ஏற்கனவே யாரோ மண்டையை உடைத்து வழி கண்டுபிடித்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். 2026 ஒக்டோபரில் அதற்கு மெயின்ஸ்ட்ரீம் சப்போர்ட் (மைக்ரோசொஃப்ட்டின் முழு ஆதரவு) முடிகிறது என்று பயமுறுத்துகிறவர்கள், பாதுகாப்பு அப்டேட் 2031 ஒக்டோபர் வரை வரும் என்பதை மட்டும் அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

முதலாளியை என்ன சொல்ல? லொறி வாங்குவதென்றால் பத்து ட்ரைவரிடம் விசாரித்து, பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமா என்று பார்த்துத்தான் கையை வைப்பார். சேர்வர் என்றதும் "காசு கொடுக்கிறோம், புதுசையே எடு" என்கிறார். இரவு பதினொரு மணிக்குப் போன் வருவது அவருக்கு இல்லையே.

இதில் எரிச்சல் என்னவென்றால், சண்டையே தேவையில்லை. 2025 லைசென்ஸை வாங்கி அதன் பேரில் 2022ஐ ஓட்ட மைக்ரோசொஃப்ட்டே அனுமதிக்கிறது. முதலாளிக்குப் புதுசு, எனக்கு நித்திரை. குவோட்டேஷனில் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தாருங்கள், நாளைக்கே கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றேன். "மனேஜரிட்ட கேட்டுச் சொல்றன் சேர்" என்று போன ஆள், இப்போது போனையே எடுப்பதில்லை.